ஒரே வீடு, மூன்று தாமதம்: வெளிநாட்டு விமானத்துக்கு எந்த நாட்டு விதி?

கோப்பில் இருப்பது

தண்டையார்பேட்டைக் குடும்பம் ஒன்று. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர், அவர் மனைவி, மகள், 18 மாதப் பேரக்குழந்தை ஆகிய நால்வரும் ஹாம்பர்க்கில் இருக்கும் மகனைப் பார்க்கக் கிளம்புகிறார்கள். ஜெர்மனியில் உரிமம் பெற்ற நிறுவனம், சென்னை–ஃபிராங்க்ஃபர்ட்–ஹாம்பர்க், ஒரே பி.என்.ஆர். (முன்பதிவு எண்). அதிகாலை 1.50க்குக் கிளம்ப வேண்டிய விமானம் 4.30க்குக் கிளம்புகிறது. ஃபிராங்க்ஃபர்ட் போய்ச் சேர்ந்தபோது இணைப்பு விமானம் போய்விட்டது. அடுத்ததில் இடமில்லை, அதற்கடுத்ததில் ஏற்றுகிறார்கள். ஹாம்பர்க்கில் கதவு திறக்கும்போது அட்டவணை நேரத்தைவிட 5 மணி 25 நிமிடம் பிந்திவிட்டது.

மாப்பிள்ளைக்கு விடுப்பு நான்கு நாள் கழித்துத்தான் கிடைக்கிறது. அவர் வளைகுடா நிறுவனம் ஒன்றில் சென்னை–துபாய்–ஹாம்பர்க் என்று போகவர டிக்கெட் போடுகிறார். போகும்போது துபாயில் மாட்டிக்கொண்டு 9 மணி நேரம் பிந்தி ஹாம்பர்க் சேர்கிறார். வரும்போது ஹாம்பர்க்கிலிருந்து விமானம் சரியான நேரத்தில் கிளம்புகிறது. ஆனால் துபாய்–சென்னை விமானம் பிந்தி, மீனம்பாக்கத்தில் 6 மணி 10 நிமிடம் தாமதமாக இறங்குகிறார்.

இது விதிகளை ஒன்றோடொன்று உரசிப் பார்ப்பதற்காக அமைத்த மாதிரிக் கோப்பு. கீழே வரும் தீர்ப்புகளும் தொகைகளும் உண்மையானவை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நால்வருக்கும் தலைக்கு 600 யூரோ. மாப்பிள்ளைக்கு வந்த பயணத்துக்கு 600 யூரோ; போன பயணத்துக்கு இந்த நிலையான இழப்பீட்டில் ஒரு காசு கிடையாது. மூன்றில் அதிக நேரம் காத்துக் கிடந்தது அந்தப் போன பயணத்தில்தான். ஒரே ஆள், ஒரே டிக்கெட், ஒரே நிறுவனம், ஏறக்குறைய அதே வழி. பிறகு ஏன் இப்படி?

கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 ஒழுங்குவிதி மூன்றாவது பிரிவில் தன் எல்லையை வரைந்துவிடுகிறது. ஒன்றியத்தின் விமான நிலையத்திலிருந்து பயணம் தொடங்கினால், எந்த நாட்டு நிறுவனமானாலும் விதி பொருந்தும். வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் போவதானால், விமானத்தை இயக்குவது ஒன்றியத்தின் உரிமம் பெற்ற நிறுவனமாக இருந்தால்தான் பொருந்தும். ஐஸ்லாந்து, நார்வே, சுவிட்சர்லாந்து ஆகியவையும் இந்த வட்டத்துக்குள் வருகின்றன.

ஆகவே கேள்விகள் மூன்று: பயணம் எங்கே தொடங்கியது, எங்கே முடிந்தது, யார் ஓட்டினார்கள். பயணியின் பாஸ்போர்ட் எந்த நாடு, டிக்கெட்டை எங்கே வாங்கினார், எந்த ஊரில் வைத்துத் தாமதமானது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் வராது. இந்தியக் குடிமக்களுக்கு இது கிடையாது என்று கவுன்டரில் யாராவது சொன்னால் அது தவறு.

தொகை தூரத்தைப் பொறுத்தது. 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதற்கு மேல் 3,500 வரை 400, அதையும் தாண்டினால் 600. ஒன்றியத்துக்குள்ளேயே பறந்தால் 1,500க்கு மேல் எவ்வளவு தூரமானாலும் 400தான். முதல் புறப்பாட்டிலிருந்து கடைசி ஊர் வரை நேர்க்கோட்டில் அளக்க வேண்டும். நடுவில் எங்கே இறங்கி ஏறினாலும் கணக்கில் சேராது என்று 2017இல் பாஸன் வழக்கில் (வழக்கு எண் சி-559/16) ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. சென்னைக்கும் ஹாம்பர்க்குக்கும் சுமார் 7,500 கி.மீ. எனவே 600.

ஒழுங்குவிதியின் எழுத்தைப் படித்தால் தாமதத்துக்குப் பணம் என்ற வரியே கிடைக்காது. ரத்துக்கும், ஏற்ற மறுத்ததற்கும்தான் இழப்பீடு எழுதியிருக்கிறது. 2009 நவம்பர் 19இல் வந்த ஸ்டர்ஜன் தீர்ப்புதான் (சி-402/07) 3 மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திச் சேர்ந்தவர்களையும் ரத்தில் மாட்டியவர்களோடு ஒன்றாக வைத்தது. 2012இல் நெல்சன் வழக்கில் அதை மறுபடியும் உறுதிசெய்தார்கள். 3,500 கி.மீ.க்கு மேற்பட்ட பயணத்தில் 3 முதல் 4 மணி நேரத் தாமதம் என்றால் நிறுவனம் பாதியாகக் குறைத்து 300 கொடுக்கலாம். 2025 ஜூனில் உறுப்பு நாட்டு அமைச்சர்கள் இந்த 3 மணி நேரத்தை 4, 6 என்று கூட்டும் திருத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். அமைச்சர்கள் ஒப்புக்கொண்டால் மட்டும் சட்டமாகாது, ஐரோப்பிய நாடாளுமன்றமும் சேர வேண்டும். கோரிக்கை எழுதுவதற்கு முன் பயண நாளில் எது நடப்பில் இருந்தது என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளவும்.

நால்வரின் பயணம்: ஐந்து மறுப்புகள்

வெளியிலிருந்து உள்ளே போகும் பயணம், ஒன்றிய நிறுவனம். விதி பொருந்துகிறது. ஆனாலும் முதல் கடிதத்துக்கே பணம் வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மறுப்புக் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை.

முதல் மறுப்பு: புறப்பட்டது சென்னையில், எனவே இந்திய விதிதான். இது அப்பட்டமாகவே தவறு. மூன்றாவது பிரிவின் இரண்டாம் பாதியை எடுத்துக் காட்டினால் போதும். இந்திய விதி என்ன தருகிறது என்பதையும் தெரிந்துகொள்வது நல்லது. விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் இந்திய அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விமானப் போக்குவரத்துத் தேவைகள், பிரிவு 3, வரிசை எம், பகுதி 4. அதில் தாமதத்துக்குச் சாப்பாடு உண்டு. 6 மணி நேரத்துக்கு மேல் போனால் மாற்று விமானம் அல்லது முழுப் பணம் திருப்பித் தருதல் உண்டு. சில நிலைகளில் ஹோட்டல் உண்டு. ரொக்க இழப்பீடு ரத்துக்கும் ஏற்ற மறுத்ததற்கும் மட்டும்: ரத்துக்கு விமான நேரத்தைப் பொறுத்து 5,000 முதல் 10,000 ரூபாய் வரை, ஏற்ற மறுத்தால் உச்சம் 20,000. தாமதத்துக்கு ரொக்கம் பூஜ்யம். ‘இந்திய விதி’ என்று நிறுவனம் சொல்வதன் உண்மைப் பொருள் அந்தப் பூஜ்யம்தான்.

இரண்டாவது: சென்னையில் 2 மணி 40 நிமிடம்தான் தாமதம், 3 மணி ஆகவில்லை. புறப்பாட்டுத் தாமதத்தை யாரும் கேட்கவில்லை. 2013இல் ஃபோல்கெர்ட்ஸ் வழக்கு (சி-11/11) இதே போன்றதுதான். அதில் புறப்பாட்டில் இரண்டரை மணி நேரம் பிந்தி, இணைப்புகள் தவறி, கடைசி ஊரில் 11 மணி நேரம் பிந்தியது. கணக்குப் பார்க்க வேண்டியது கடைசி ஊரில்தான் என்று நீதிமன்றம் தீர்த்துவிட்டது. கடைசி ஊரிலும் சக்கரம் தரை தொட்ட நேரம் செல்லாது. ஒரு கதவாவது திறந்து, பயணிகள் இறங்கலாம் என்ற நேரம்தான் வருகை நேரம் (ஜெர்மன்விங்ஸ் எதிர் ஹென்னிங், சி-452/13, 2014). தாமதம் 2 மணி 55 நிமிடத்துக்கும் 3 மணி 5 நிமிடத்துக்கும் நடுவில் ஊசலாடும்போது இந்தப் பத்து நிமிடம் 300 யூரோ பெறும். கதவு திறந்ததும் ஃபோனில் ஒரு படம் எடுத்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான்.

மூன்றாவது: தொழில்நுட்பக் கோளாறு, ‘அசாதாரணச் சூழ்நிலை’. அதிகம் பேரை மடக்குவது இந்தச் சொல்தான். 2008இல் வாலன்டின்-ஹெர்மன் தீர்ப்பு (சி-549/07) விமானத்தில் ஏற்படும் தொழில்நுட்பக் கோளாறு பொதுவாக அசாதாரணம் ஆகாது என்றது. திடீரென்று பழுதான பாகம், பராமரிப்பில் தவறே இல்லை என்றாலும் இதே முடிவுதான் என்று 2015இல் வான் டெர் லான்ஸ் வழக்கு (சி-257/14) சேர்த்தது. சொந்த ஊழியர்களின் வேலைநிறுத்தமும் நிறுவனத்தின் தலையில்தான் (சி-28/20, 2021). துணை விமானி விடியற்காலையில் இறந்து கிடந்ததையே அசாதாரணம் அல்ல என்று 2023இல் தீர்த்தார்கள் (சி-156/22). கொடுமையாகத் தோன்றும், ஆனால் பணியாளர் வராவிட்டால் மாற்று ஏற்பாடு செய்வது தொழிலின் பகுதி என்பது அவர்கள் பார்வை.

அசாதாரணம் ஆகக்கூடியவையும் இருக்கின்றன. பறவை மோதுதல் (பெஷ்கோவா, சி-315/15), ஓடுபாதையில் கிடந்த திருகாணி டயரில் ஏறியது (சி-501/17), வான்வெளி மூடல், புயல். 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலில் மீனம்பாக்கம் ஓடுபாதையில் தண்ணீர் நின்று நிலையமே மூடப்பட்டதே, அது போன்ற நாளுக்கு இழப்பீடு கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம். ஆனால் அன்றும் சாப்பாடு, ஹோட்டல், ஹோட்டலுக்குப் போகவர வண்டி ஆகிய கவனிப்புக் கடமை விழுந்துவிடாது. ஐஸ்லாந்து எரிமலைச் சாம்பல் வழக்கில் (மெக்டோனா, சி-12/11, 2013) நீதிமன்றம் இதற்கு நாள் வரம்போ தொகை வரம்போ வைக்க மறுத்தது. அவர்கள் கவனிக்காவிட்டால் நியாயமான செலவை நாமே செய்து, ரசீதோடு கேட்கலாம்.

சென்னை விஷயத்தில் ஒரு நுணுக்கம். ஐரோப்பாவிலிருந்து நள்ளிரவில் வந்து இறங்கும் அதே விமானம்தான் பெரும்பாலும் அதிகாலையில் திரும்பிப் பறக்கிறது. முந்தைய பறப்பில் நடந்த அசாதாரண நிகழ்வைக் காட்டி அடுத்த பறப்பின் தாமதத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்று 2020இல் ஒரு தீர்ப்பு (சி-74/19) இடம் தந்திருக்கிறது. இரண்டுக்கும் நேரடிக் காரணத் தொடர்பு இருக்க வேண்டும், நிறுவனமும் தன்னால் முடிந்ததைச் செய்திருக்க வேண்டும். ஆகவே அன்று வந்த விமானம் எங்கிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியது என்பதை விமானத் தடமறியும் தளங்களில் அன்றைக்கே பார்த்துப் படம் பிடித்துவைக்க வேண்டும். பழைய பதிவுகளைச் சில நாட்கள் கழித்து இலவசமாகப் பார்க்க முடியாமல் போகலாம். நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது என்றாலும், ‘மோசமான வானிலை’ என்ற பொதுப் பதிலுக்கு எதிரே வைக்கச் சான்று இருப்பது நல்லது.

நான்காவது: சென்னையில் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுத்தோம், எனவே அங்கேயே பலன் பெற்றுவிட்டீர்கள். இதற்கு ஒரு வேர் உண்டு. வெளிநாட்டிலேயே பலனோ இழப்பீடோ பெற்று, உதவியும் பெற்றவர்களுக்கு ஒழுங்குவிதி பொருந்தாது என்று மூன்றாவது பிரிவு விலக்கு வைத்திருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்திருக்க வேண்டும். ஒரு சாண்ட்விச்சும் தண்ணீர் பாட்டிலும் 600 யூரோவுக்கு ஈடாகாது. கையெழுத்துக் கேட்டு ஏதாவது தாளை நீட்டினால் மட்டும் படித்துப் பார்த்துவிட்டுப் போட வேண்டும்.

ஐந்தாவது மறுப்பு மாதிரியே தெரியாது, சலுகை மாதிரி வரும்: 400 யூரோ பயண வவுச்சர். ரொக்கம், வங்கிப் பரிமாற்றம், காசோலை ஆகியவைதான் இயல்பான வழி. பயணி கையெழுத்திட்டுச் சம்மதித்தால் மட்டுமே வவுச்சர். ஒரு வருடத்தில் மறுபடியும் அதே நிறுவனத்தில் ஹாம்பர்க் போகிறவருக்கு அது சரியாக இருக்கலாம். ஓய்வுபெற்றவருக்கு அது வெறும் காகிதம்.

குழந்தையின் பங்கு? மடியில் உட்கார்ந்து வந்தாலும், கட்டணம் செலுத்திய டிக்கெட் என்றால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். முற்றிலும் இலவசமாக வந்த குழந்தைக்குக் கிடையாது என்று ஜெர்மனியின் உச்ச சிவில் நீதிமன்றம் 2015இல் சொன்னது. சர்வதேசப் பயணத்தில் கைக்குழந்தைக்குப் பெரும்பாலும் பத்து சதவீதக் கட்டணம் வாங்குகிறார்கள். டிக்கெட்டில் ‘ஃபேர்’ என்ற வரியில் தொகை இருக்கிறதா என்று பார்க்கவும். இருந்தால் நால்வருக்கும் சேர்த்து 2,400 யூரோ.

மாப்பிள்ளை போனது

வெளியிலிருந்து உள்ளே, ஓட்டியது வளைகுடா நிறுவனம். ஒழுங்குவிதி பொருந்தாது, அவ்வளவுதான்.

போகவர டிக்கெட் ஆயிற்றே, திரும்பும் பாதி ஹாம்பர்க்கில் தொடங்குகிறதே, மொத்தத்தையும் ஒன்றாகப் பார்க்கக் கூடாதா என்று கேட்கலாம். எமிரேட்ஸ் எதிர் ஷெங்கெல் வழக்கில் (சி-173/07, 2008) டுசல்டார்ஃப்–துபாய்–மணிலா போகவர டிக்கெட் வைத்திருந்தவர் மணிலாவிலிருந்து திரும்பும் பயணத்துக்குக் கேட்டார். போவது ஒரு பறப்பு, வருவது வேறு பறப்பு என்று நீதிமன்றம் மறுத்துவிட்டது. நம் மாப்பிள்ளைக்கும் அதே கதவு அடைபடுகிறது.

மிச்சமிருப்பது 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை. இந்தியாவில் 2009 ஜூன் 30 முதல் நடப்பில் இருக்கிறது. 1972ஆம் ஆண்டின் விமானவழிப் போக்குவரத்துச் சட்டத்தின் அட்டவணையாகச் சேர்ந்திருக்கிறது. இதன் 19ஆவது பிரிவு தாமதத்துக்கு நிறுவனத்தைப் பொறுப்பாக்குகிறது. ஆனால் இது இவ்வளவு மணிக்கு இவ்வளவு பணம் என்ற விதி இல்லை. உண்மையில் ஏற்பட்ட நஷ்டத்தைக் காட்டி வாங்க வேண்டும். நியாயமாகச் செய்யக்கூடியதையெல்லாம் செய்தோம் என்று நிறுவனம் நிரூபித்தால் அதுவும் இல்லை. ஒரு பயணிக்கு உச்சவரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 6,303 எஸ்.டி.ஆர்., அதாவது பன்னாட்டு நிதியத்தின் கணக்கு அலகு. ரூபாயில் 7 லட்சத்துக்கு மேல் வரும். வரம்பு பெரிதாக இருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், அந்தத் தொகையை யாரும் தூக்கிக் கொடுப்பதில்லை. மாப்பிள்ளை முன்கூட்டிக் கட்டிய ஹாம்பர்க்–பெர்லின் ரயில் டிக்கெட், திரும்பக் கிடைக்காத ஒருநாள் ஹோட்டல் கட்டணம், துபாயில் தன் காசில் சாப்பிட்டது ஆகியவற்றின் ரசீதுகள்தான் அவருடைய வழக்கு. 9 மணி நேரம் தரையில் படுத்துக் கிடந்த எரிச்சலுக்கு 19ஆவது பிரிவில் தொகை தேடுவது கடினம்.

எங்கே கேட்பது? 33ஆவது பிரிவு நிறுவனத்தின் இருப்பிடம், தலைமை அலுவலகம், ஒப்பந்தம் ஏற்பட்ட அதன் அலுவலகம் இருக்கும் ஊர், பயணம் முடியும் ஊர் ஆகிய இடங்களில் வழக்குத் தொடர விடுகிறது. இங்கேதான் வேடிக்கை. ஷெங்கெல் தீர்ப்பில் இரண்டாக வெட்டுப்பட்ட அதே போகவர டிக்கெட், மாண்ட்ரியல் கணக்கில் ஒரே பயணம். முடியும் ஊர் சென்னை. அதனால் சென்னையிலேயே கேட்கலாம். வெளிநாட்டு விமான நிறுவனத்தின் மீதான வழக்கை நுகர்வோர் மன்றம் எடுக்கலாம், அதுவும் ‘நீதிமன்றம்’தான் என்று 2011இல் டிரான்ஸ் மெடிட்டரேனியன் ஏர்வேஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போட இடம் தருகிறது. தண்டையார்பேட்டை, ராயபுரம், வண்ணாரப்பேட்டைக்காரர்களுக்கு அது வட சென்னை மாவட்ட ஆணையம். செலுத்திய கட்டணம் 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதிவு செய்யலாம். அதற்கு முன் 1915 நுகர்வோர் உதவி எண்ணிலும், விமானப் பயணிகளின் குறைகளுக்கான அரசின் ஏர்சேவா தளத்திலும் புகார் போட்டு எண் வாங்கிவைப்பது பயன்படும்.

இரண்டு வருடம். மாண்ட்ரியல் 35ஆவது பிரிவும், நுகர்வோர் சட்டத்தின் 69ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கின்றன. நிறுவனத்தோடு மின்னஞ்சலில் இழுத்துக்கொண்டிருந்ததால் அந்தக் கடிகாரம் நிற்காது.

மாப்பிள்ளை வந்தது

ஹாம்பர்க்கில் தொடங்குகிறது. எனவே ஓட்டுவது யாரானாலும் ஒழுங்குவிதி பொருந்தும். நிறுவனம் வைக்கும் வாதம்: ஹாம்பர்க்–துபாய் சரியான நேரத்தில் போயிற்று, பிந்தியது துபாய்–சென்னை, இரண்டு ஊரும் ஒன்றியத்துக்கு வெளியே, நாங்களும் வெளியே.

பொருந்தாத வாதம். ஒரே முன்பதிவில் வாங்கிய இணைப்புப் பயணம் முழுதும் ஒரே பறப்பு என்று 2018இல் வெகனர் எதிர் ராயல் ஏர் மரோக் வழக்கில் (சி-537/17) தீர்ப்பு வந்தது. அது பெர்லின்–காசாபிளாங்கா–அகாடிர் பயணம், நடுவில் விமானம் மாறியதால் ஒன்றும் மாறாது என்றார்கள். 2022 ஏப்ரலில் யுனைடெட் ஏர்லைன்ஸ் வழக்கில் (சி-561/20) பிரஸ்ஸல்ஸிலிருந்து நியூவர்க் வழியாகச் சான் ஹோசே போனவர்களுக்கு அமெரிக்காவுக்குள் நடந்த தாமதத்துக்கே பொருத்தினார்கள். லண்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2017இலேயே கஹான் எதிர் எமிரேட்ஸ் வழக்கில் துபாயில் தவறிய இணைப்புக்கு இதே முடிவுக்கு வந்திருந்தது. மாப்பிள்ளையின் கடிதத்தில் இந்த மூன்று பெயர்களும் இருந்தால், எதிரே படிப்பவர் இவருக்கு விஷயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

மண்ணடியில் டிக்கெட் போடும்போது

மேலே சொன்னதெல்லாம் ஒரே முன்பதிவு என்ற ஒற்றைத் தூணில் நிற்கிறது. மண்ணடி ஏஜென்டுகள் விலையைக் குறைக்க இரண்டு நிறுவனங்களின் டிக்கெட்டுகளைத் தனித்தனியாக ஒட்டுப்போட்டுத் தருவதுண்டு. அப்படியானால் முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினாலும், ஒவ்வொன்றும் தனிப் பயணம். இணைப்பு தவறியதற்கு யாரும் பொறுப்பில்லை. “பாய், ரெண்டு பி.என்.ஆர். வேணாம், ஒரே டிக்கெட்டா போடுங்க” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

ஏஜென்ட் சேர்த்துப் போட்டதாலேயே எல்லாம் போயிற்று என்றும் இல்லை. 2022 அக்டோபரில் ஒரு தீர்ப்பு (சி-436/21), தங்களுக்குள் எந்த ஒப்பந்தமும் இல்லாத நிறுவனங்களின் விமானங்களைப் பயண முகவர் சேர்த்து, மொத்த விலை வாங்கி, ஒரே டிக்கெட் கொடுத்திருந்தால் அது இணைப்புப் பயணம்தான் என்றது. ஆகவே ஏஜென்ட் தரும் பில் முக்கியம்: ஒரே மொத்தத் தொகை, ஒரே பில் எண், எல்லா ஊர்களும் ஒரே தாளில். வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்தோடு நிறுத்திக்கொள்ளாமல் பில்லைக் கேட்டு வாங்கவும்.

டிக்கெட்டில் இருக்கும் விமான எண்ணும் ஏமாற்றும். ஜெர்மன் நிறுவனத்தின் எண் போட்டிருக்கும், கீழே பொடி எழுத்தில் ‘இயக்குவது’ என்று இந்திய நிறுவனத்தின் பெயர் இருக்கும். டெல்லி–ஃபிராங்க்ஃபர்ட் அப்படி இருந்தால் மூன்றாவது கேள்விக்கு விடை இந்திய நிறுவனம்; போகும் திசையில் ஒழுங்குவிதி விலகிவிடும். ஒரே முன்பதிவில் கடைசிக் கட்டத்தை ஒன்றிய நிறுவனம் ஓட்டியிருந்தால் மட்டும் ஒரு வழி இருக்கிறது. நியூயார்க்–ஆம்ஸ்டர்டாம்–ஹாம்பர்க் பயணத்தில் முதல் கட்டத்தை அமெரிக்க நிறுவனம் ஓட்டிப் பிந்தியபோது, இரண்டாம் கட்டத்தை ஓட்டிய கே.எல்.எம். மீது கேட்கலாம் என்று 2020இல் (சி-367/20) சொன்னார்கள்.

ராயபுரம், காசிமேடு பக்கத்தில் கப்பல் வேலைக்குப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது வேறு. கம்பெனி போடும் மெரைன் ஃபேர் (கப்பல் பணியாளர்களுக்கான சிறப்புக் கட்டண) டிக்கெட்டுக்குக் கூடுதல் பெட்டியும் தேதி மாற்றமும் கிடைக்கும். ஆனால் பொதுமக்களுக்குக் கிடைக்காத குறைந்த கட்டணத்தில் போகிறவர்களுக்கு ஒழுங்குவிதி பொருந்தாது என்று மூன்றாவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு சொல்கிறது. நிறுவனம் அதைத்தான் தூக்கிக் காட்டும். கப்பல் கம்பெனி சாதாரணக் கட்டணத்திலேயே டிக்கெட் போட்டிருந்தால் இந்தத் தடை இல்லை. அப்போது பணம் டிக்கெட் வாங்கிய கம்பெனிக்கு இல்லை, பயணம் செய்தவருக்குத்தான்.

கோரிக்கை போகும் வழி

தேவையான தாள்கள்: 13 இலக்க டிக்கெட் எண் உள்ள இ-டிக்கெட், எல்லாக் கட்டத்தின் போர்டிங் பாஸ், புதிதாகப் போட்டுக்கொடுத்த போர்டிங் பாஸும் சேர்த்து, பாஸ்போர்ட் முதல் பக்கம், தாமதச் சான்று. தாமதச் சான்றைக் கவுன்டரிலேயே கேட்டால் எழுதித் தருவார்கள், சில நிறுவனங்கள் இணையத்தில் தரும். வெப்பத்தாளில் அச்சிட்ட போர்டிங் பாஸ் சில மாதத்தில் வெளுத்துப்போகும், அன்றே படம் எடுத்துவைக்கவும்.

நம் ஊர் ஆட்களுக்கு அதிகம் சிக்கல் தருவது பெயர். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருக்கும், வங்கிக் கணக்கில் இனிஷியலோடு சுருங்கியிருக்கும். டிக்கெட்டில் பெயரே இரண்டு முறை அச்சாகியிருக்கும். வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெயர் ஒத்துப்போகவில்லை என்று வங்கி திருப்பியனுப்பினால், மறுபடியும் அனுப்ப வைப்பதற்குள் மாதங்கள் ஓடிவிடும். கோரிக்கையோடு வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழியையும் சேர்த்துவிடலாம். பிராட்வேயில் உயர் நீதிமன்றத்தைச் சுற்றி நோட்டரிகளுக்குப் பஞ்சமில்லை.

அடுத்தது ஐபேன், அதாவது ஐரோப்பாவில் வழங்கும் சர்வதேச வங்கிக் கணக்கு எண். நிறுவனங்களின் படிவம் அந்த எண் இல்லாமல் நகராது. இந்திய வங்கிகளுக்கு ஐபேன் கிடையாது. கணக்கு எண், ஸ்விஃப்ட் குறியீடு, கிளை முகவரி மூன்றையும் தனித் தாளில் எழுதி இணைத்து, படிவத்தின் குறிப்புப் பெட்டியில் ‘இந்தியக் கணக்கு, இணைப்பைப் பார்க்கவும்’ என்று எழுத வேண்டும். உங்கள் கிளைக்கு ஸ்விஃப்ட் குறியீடு இல்லாவிட்டால், வங்கியின் அந்நியச் செலாவணிக் கிளையின் குறியீட்டைக் கேட்டு வாங்கவும். இடையில் நிற்கும் வங்கிகள் பிடித்தம் செய்யும், 600 முழுதாக வராது.

கோரிக்கையில் கதை வேண்டாம். விமான எண், நாள், அட்டவணை நேரம், கதவு திறந்த நேரம், தூரம், ஒழுங்குவிதியின் பிரிவு 7 (இழப்பீடு), தலைக்கு 600, மொத்தம், பதிலுக்குக் கெடு 14 நாள். பயணிகள் அனைவரின் பெயரும் ஒரே கோரிக்கையில் இருக்கலாம், ஆனால் பெரியவர்கள் தனித்தனியாகக் கையெழுத்திட வேண்டும், குழந்தைக்காகத் தாய்.

இரண்டு மாதம் ஆகியும் பதில் இல்லை, அல்லது மறுப்பு வந்தது என்றால் ஜெர்மனியில் சமரச அமைப்பு இருக்கிறது. உறுப்பினரான நிறுவனங்களுக்குப் பெர்லினில் உள்ள ‘ரைசே உண்ட் ஃபெர்கேர்’ சமரச நிலையம். உறுப்பினராக இல்லாதவர்களுக்குப் பான் நகரில் கூட்டரசு நீதி அலுவலகத்தின் சமரசப் பிரிவு. உச்சவரம்பு 5,000 யூரோ, நம் கோப்பு அதற்குள் வருகிறது. பயணிக்குச் செலவில்லை. ஜெர்மன் விமானப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் புகார் போடலாம், ஆனால் அது நிறுவனத்தைத் தண்டிக்குமே தவிர, உங்கள் பணத்தை வாங்கித் தராது.

அதையும் தாண்டினால் நீதிமன்றம். ஒன்றிய நிறுவனங்களின் மீது புறப்பட்ட ஊரிலோ சேர்ந்த ஊரிலோ வழக்குப் போடலாம் என்று 2009இல் ரெஹ்டர் வழக்கு (சி-204/08) திறந்துவிட்டது; ஹாம்பர்க் பொருந்தும். ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வழக்குப் போட்டால், எதிர்த்தரப்பு கேட்கும்போது செலவுக்குப் பிணைத்தொகை கட்ட வேண்டி வரலாம். ஹாம்பர்க்கில் மகன் இருக்கிறார் என்பது இங்கே பெரிய வசதி. நால்வரும் தங்கள் உரிமையை எழுத்தில் அவருக்கு மாற்றிக்கொடுக்கலாம். மாற்றக்கூடாது என்று டிக்கெட் நிபந்தனையில் எழுதியிருந்தாலும் செல்லாது என்பது 2024 பிப்ரவரித் தீர்ப்பு (சி-11/23). அங்கே ஆள் இல்லாதவர்களுக்குக் கோரிக்கை நிறுவனங்கள்தான் வழி. மூன்றில் ஒரு பங்கு, வழக்கானால் அதற்கும் மேல் எடுத்துக்கொள்வார்கள். முதல் கடிதத்தை நீங்களே எழுதிப் பார்த்துவிட்டு, மறுப்பு வந்த பிறகு அவர்களிடம் போவது லாபம்.

ஒழுங்குவிதிப் பணத்தை வட சென்னை ஆணையத்தில் கேட்பது பலவீனமான வழி. அங்கே சேவைக் குறைபாடும் மாண்ட்ரியலும் எடுபடும், 261 வெளிநாட்டுச் சட்டமாகவே பார்க்கப்படும். மாப்பிள்ளையின் இரண்டு பயணத்தையும் ஒரே மனுவில் கட்டக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்: போனதற்குச் சென்னை, வந்ததற்கு ஜெர்மனி.

காலக்கெடு நாட்டுக்கு நாடு மாறும், ஒழுங்குவிதியில் இல்லை (சி-139/11). ஜெர்மனியில் பயணம் செய்த ஆண்டு முடிந்ததிலிருந்து மூன்று ஆண்டு. பிரான்ஸில் ஐந்து, நெதர்லாந்தில் இரண்டு.

மற்ற திசைகள், சுருக்கமாக

லண்டன் இப்போது தனி. இங்கிலாந்திலிருந்து கிளம்பினால் எந்த நிறுவனமும், இங்கிலாந்துக்குள் போனால் இங்கிலாந்து அல்லது ஒன்றிய நிறுவனமும் அவர்களுடைய 261க்குள் வரும். தொகை 220, 350, 520 பவுண்டு. வழக்குக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆறு ஆண்டு. சென்னை–லண்டன் நேர் விமானத்தைப் பிரிட்டிஷ் நிறுவனம் ஓட்டினால் 520; தாமதம் 4 மணிக்குள் என்றால் பாதி.

டொரன்டோவுக்குப் போகிறவர்களுக்குத் திசைச் சிக்கல் இல்லை. கனடா விதி நாட்டுக்குள் வரும், நாட்டிலிருந்து கிளம்பும் விமானங்களை, வெளிநாட்டு நிறுவனமானாலும், சேர்த்துக்கொள்கிறது. நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்த, பாதுகாப்போடு தொடர்பில்லாத காரணத்துக்குப் பெரிய நிறுவனங்கள் 3 மணிக்கு 400, 6 மணிக்கு 700, 9 மணிக்கு 1,000 கனடிய டாலர் கொடுக்க வேண்டும். ஒரு வருடத்துக்குள் கேட்க வேண்டும், 30 நாளில் பதில் வர வேண்டும்.

அமெரிக்காவில் தாமதத்துக்கு இழப்பீடே கிடையாது. சர்வதேசப் பயணம் 6 மணி நேரத்துக்கு மேல் பிந்தி, நீங்கள் போகாமல் விட்டால் பணம் திரும்ப வரும். வெளிநாட்டு நிறுவனங்களுக்கும் அது பொருந்தும்.

ரீயூனியன் தீவை மறந்துவிடுவார்கள். தமிழ் வம்சாவளியினர் நிறைய வாழும் அந்தத் தீவு வரைபடத்தில் ஆப்பிரிக்கா பக்கம் கிடந்தாலும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நிலம். அங்கிருந்து கிளம்பும் எந்த விமானமும், பிரெஞ்சு நிறுவனம் ஓட்டினால் சென்னையிலிருந்து அங்கே போகும் விமானமும் 261க்குள் வரும். சென்னைக்கும் தீவுக்கும் இடையே தூரம் 3,500 கி.மீ.யைத் தாண்டுவதால் அந்த வழியில் தொகையும் 600தான்.